ஐம்பது காசுக் கூலியும் அடைபடாத கடனும்

சம்பள நாள் மாலையில் தோட்டத்து லயத்துக்கு வெறுங்கையோடு திரும்பியவனைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டு வருகிறான் என்றுதான் சொல்லும். மலாயாத் தோட்டத் தமிழனின் கடனுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று துரைமார் சொன்னார்கள், கிராணிமார் சொன்னார்கள், பட்டணத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்த நம்மவர்களில் பலரும் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள்கூட இன்றைக்கும் அதையே சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

குடி இல்லை என்று யாரும் மறுக்க முடியாது. ஆனால் குடியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. கள்ளைத் தொடாதவனும் கடன்பட்டிருந்தான். கணவனை இழந்து, தனியாகப் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த பெண்ணுக்கும் கடையில் பற்று இருந்தது. கடன் என்பது வாங்கியவனின் குணத்தைப் பொறுத்தது என்று பேசுவது எளிது. கூலிக் கணக்கை எழுதியது யார், எந்தத் தேதியில் காசு கொடுத்தார்கள், அந்தக் காசு தொழிலாளியின் கைக்கு வரும் முன்பே யார் யார் கை நீட்டினார்கள் என்று கேட்டால்தான் மீதிக் கதை தெரியும்.

கப்பல் ஏறும் முன்பே ஏறிய கடன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை எடுத்துக் கொள்வோம். நாகப்பட்டினத்தில் ஏஜெண்டுகள் ஆள் சேர்த்தார்கள். ஊரில் கொடுத்த முன்பணம், துறைமுகத்தில் போட்ட சாப்பாடு, கப்பல் கட்டணம் எல்லாமே தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டன. அவன் மலாயா மண்ணில் கால் வைக்கும்போது இன்னும் ஒரு நாள் வேலைகூடச் செய்திருக்கவில்லை, ஆனால் கடன்காரனாகிவிட்டான். மாதா மாதம் கூலியிலிருந்து அந்தத் தொகை பிடிக்கப்பட்டது.

பிடித்து முடிந்ததும் விடுதலை என்றும் இல்லை. ஒப்பந்தக் காலத்தில் வேலைக்கு வராத நாட்கள் காலத்தோடு சேர்த்துக் கூட்டப்பட்டன. தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. கடனைக் கட்ட முடியாதவன் மீது பணத்துக்காக வழக்குப் போடுவது வேறு, வேலையை விட்டான் என்பதற்காக ஆளையே உள்ளே தள்ளுவது வேறு. ஒப்பந்த முறையில் இரண்டாவதுதான் நடந்தது. இப்படிப்பட்டவனிடம் போய், "வரவுக்குத் தக்கபடி செலவு செய்" என்று புத்தி சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? வரவு என்ன என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் கிராணி ஒருவர்தான். செக்ரோலில் அவர் போட்ட கோடுதான் வேலை செய்த நாள்.

அடுத்து வந்தது கங்காணி முறை. கங்காணி அந்நியர் அல்லர். அதே ஊர், பல சமயம் அதே சாதி, சில சமயம் சொந்தக்காரர். தோட்டத்துத் துரை கொடுத்த பணத்தோடு ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். ஊரில் இருந்த பழைய கடனை அடைத்து, வீட்டில் இருந்த கிழவிக்குக் கையில் நாலு காசு கொடுத்து, ஆளைக் கப்பலேற்றுவார். தாம் சேர்த்த ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் தலைக்காசும் போச்சு. ஆகவே ஆள் போகாமல் இருப்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. கடன் பாக்கி இருக்கும் ஆள் எளிதில் போகமாட்டான். பழைய கடன் முழுவதும் தீர்ந்துவிட வேண்டும் என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இதில் கங்காணியைக் கொடியவன் என்று ஏசிவிட்டுப் போய்விடலாம். சிலர் கொடியவர்களாகவும் இருந்தார்கள். ஆனால் நல்ல கங்காணியின் வருமானமும் அதே வழியில்தான் வந்தது.

இந்த நிலையில்தான் 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாட்டுக்குச் சட்டம் போடப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும், தங்கள் தோட்டத்தில் நடந்த வேலை நாட்களைக் கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஊரிலிருந்து புறப்பட்டு மலாயாத் துறைமுகத்தில் இறங்கும் வரை ஆகும் பயணச் செலவை நிதியே ஏற்றுக்கொள்ளும். அதைத் தொழிலாளியின் தலையில் எழுதக்கூடாது.

தோட்ட முதலாளிகளுக்குத் திடீரென்று கருணை பிறந்துவிட்டதா? அப்படி இல்லை. அது ரப்பர் பெருகிய காலம். ஆட்களுக்குத் தட்டுப்பாடு. ஒருவர் செலவு செய்து வரவழைத்த ஆட்களை அடுத்த தோட்டத்துக்காரர் கூலி கூட்டித் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனார். செலவழித்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தச் சண்டையைத் தீர்க்க எல்லாருமாகச் சேர்ந்து செலவைப் பங்கு போட்டுக்கொண்டதுதான் அந்த நிதி. காரணம் எதுவானாலும் பலன் பெரிது. அதற்குப் பிறகு இந்த வழியில் வந்த தமிழன் பயணக் கடன் இல்லாமல் கரையேறினான். 1910இல் ஒப்பந்த முறையில் புதிதாக ஆள் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் 1913க்குள் முடிந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாகத் தொழிலாளியை அமுக்கி வைத்திருந்த ஒரு கடன், ஒரே ஒரு சட்டத்தால் இல்லாமல் போனது. அதற்காக அவன் ஒரு வேளைச் சோற்றைக் குறைக்கவில்லை. ஒரு காசு சிக்கனம் பண்ணவில்லை. கணக்கு எழுதும் முறை மாறியது, அவ்வளவுதான். கடனுக்குக் காரணம் அவனுடைய ஊதாரித்தனம் என்றால் அது எப்படி ஒரே நாளில் மாறியிருக்கும்?

மாதக் கூலியும் நாள் பசியும்

பயணக் கடன் போனது. ஆனால் கடன் போகவில்லை. ஏன்?

தோட்டத்தில் கூலி நாளுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. ஆனால் கைக்கு வந்தது மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் அந்த மாதம் முடிந்த பிறகு. புதிதாக வந்து சேர்ந்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சட்டி வாங்க வேண்டும், பாய் வாங்க வேண்டும், அன்றைக்கே உலை வைக்க வேண்டும். முதல் சம்பளமோ ஒரு மாதத்துக்கும் அப்பால் இருக்கிறது. தோட்டத்தில் கொடுத்த அரிசி சம்பளத்தில் பிடித்தம். மற்றது எல்லாம் கடையில் பற்று. முதல் சம்பளம் வந்தபோது அது ஏற்கெனவே சாப்பிட்டு முடிந்த சோற்றுக்குப் போனது. மறுநாள் காலையில் மறுபடியும் பற்றுப் புத்தகம் திறந்தது. அந்த ஒரு மாத இடைவெளியைத் தாண்ட முடியாமல் காலம் முழுதும் ஒரு மாதம் பின்தங்கியே ஓடிய குடும்பங்கள் எத்தனையோ.

கடனுக்குச் சாமான் வாங்குகிறவன் விலை கேட்பதில்லை; கேட்கவும் முடியாது. பருப்பில் கல் இருந்தாலும், படி கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் வாயைத் திறக்க முடியாது. பாக்கி இருக்கும்போது அடுத்த கடைக்குப் போனால் இந்தக் கடைக்காரர் சம்பள மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிடுவார். ஆகவே கடையில் கொடுத்த அதிக விலைதான் அந்தக் கடனுக்கு வட்டி. அதைப் புத்தகத்தில் வட்டி என்று எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த கதியும் அல்ல. இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் ஒரு காலத்தில் முதலாளியின் கடையிலும் தெருக்கோடிக் கடையிலும் இதேபோல் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள்தாம். ரோச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர் சேர்ந்து 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சொந்தமாக ஒரு கடை திறந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு. அதை மொத்தமாகக் கொடுக்க யாரிடமும் பணம் இல்லை. வாரம் இரண்டு பென்னி என்று கட்ட ஆரம்பித்து, பிறகு அதை மூன்று பென்னியாக உயர்த்திச் சேர்த்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. ஆனால் ஒரு விதியில் பிடிவாதமாக இருந்தார்கள்: கடன் கிடையாது, ரொக்கம்தான்.

வாரத்துக்கு ஒரு முறை கையில் கூலி வருகிறவன் அந்த விதியைக் கஷ்டப்பட்டாவது காப்பாற்றலாம். ஏழு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். முப்பது நாள் காத்திருக்க வேண்டிய மலாயாத் தோட்டத்தான் எப்படிக் காப்பாற்றுவான்?

ஐந்து வெள்ளி நாற்பது காசு

1922இல் இந்திய அரசு குடியேற்றச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. மறு ஆண்டிலிருந்து இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் இருந்து தொழிலாளர் நிலையைக் கவனிக்கத் தொடங்கினார். கூலி எவ்வளவு கொடுத்தால் ஒரு தமிழ்த் தொழிலாளி கௌரவமாக வாழ முடியும் என்ற கேள்வி அப்போதுதான் முறையாகக் கேட்கப்பட்டது. அரிசி எவ்வளவு, மளிகைச் சாமான் எவ்வளவு, துணிமணி எவ்வளவு என்று தனித்தனியே விலை போட்டு ஒரு மாதிரிப் பட்ஜெட் தயாரித்தார்கள். அதை வைத்துத் தரக்கூலி என்று ஒன்றை நிர்ணயித்தார்கள்.

ஒரு மனிதன் மாதத்துக்கு எத்தனை படி அரிசி தின்பான் என்று கோட்டும் சூட்டும் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடியதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. ஊருக்கு அனுப்பவும் சேமிக்கவும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்று இந்தியத் தரப்பு வாதாடியது. தோட்ட முதலாளிகள் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டார்கள். யாருடைய அடுப்பைப் பற்றிப் பேசினார்களோ அந்த அடுப்புக்காரி அந்த அறையில் இல்லை.

1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதி உள்ள முக்கியமான வட்டாரங்களில் தரக்கூலி ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று ஆனது. பகாங் போன்ற உள்வட்டாரங்களில் சற்றுக் கூடுதல். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக் கொண்டால் கணவனுக்கு 12 வெள்ளி, மனைவிக்கு 9 வெள்ளி 60 காசு. இருவரும் சேர்ந்து 21 வெள்ளி 60 காசு. வாரத்துக்கு 5 வெள்ளி 40 காசு. இதில்தான் அரிசி, மிளகாய், கருவாடு, எண்ணெய், துணி, பிள்ளைகள், ஊரில் இருக்கும் பெற்றோர், தீபாவளி, மாரியம்மன் திருவிழா, கல்யாணம், சாவு எல்லாம் அடங்க வேண்டும். பழைய பாக்கியும் இதிலிருந்துதான் அடைய வேண்டும்.

அதுவும் இருவரும் ஒரு நாளும் தவறாமல் வேலைக்குப் போனால்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனைவி இரண்டு நாள் வீட்டில் இருந்தால் 80 காசு போச்சு. மலேரியா வந்து ஒருவர் பத்து நாள் படுத்தால் அந்த மாதம் கடைக்காரரிடம் கையேந்துவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு என்பதையும் கவனிக்க வேண்டும். மரம் அதே மரம், பால் வாளி அதே வாளி. வேலை முடிந்து வந்து சோறாக்குவதற்குத் தனிக்கூலி இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குடும்பத்தின் கணக்கப்பிள்ளையும் அவள்தான். அரிசியை மாதத்தின் கடைசி வாரம் வரை இழுத்துக்கொண்டு வருவது, நாலு கோழி வளர்ப்பது, லயத்துக்குப் பின்னால் முருங்கையும் வெண்டையும் கீரையும் போடுவது, முடிந்தவர்கள் மாடு வைத்துப் பால் விற்பது, இதெல்லாம் எந்த மாதிரிப் பட்ஜெட்டிலும் வராத வரவு. குடும்பம் உள்ள தொழிலாளிக்குப் பயிர் செய்துகொள்ள ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் விட வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தில் இடம் செய்திருந்தார்கள். காகிதத்தில் சின்னத் துண்டு நிலம்தான். ஆனால் கடையில் காய்க்குப் பற்று எழுதாமல் இருந்த வீடுகள் அந்தத் துண்டு நிலத்தால்தான் அப்படி இருந்தன.

1930இல் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. தரக்கூலி 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. முன் சொன்ன அதே குடும்பத்தின் வார வருமானம் 4 வெள்ளி 32 காசாக இறங்கியது. அதற்குப் பிறகும் கூலி இறங்கியது. வாரத்துக்கு ஒரு வெள்ளி 8 காசு குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள், மற்ற செலவெல்லாம் கழித்துப் பாக்கி அடைக்க அந்தக் குடும்பத்திடம் முன்பு மிஞ்சியது எவ்வளவு என்று கேட்க வேண்டும். அதில்தான் இந்த 1 வெள்ளி 8 காசு விழுந்தது.

கூலி குறைந்தவர்களாவது வேலையில் இருந்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். தோட்டம் காலியானதும் கடைக்காரரின் பற்றுப் புத்தகம் வெறும் காகிதமானது. அவரும் பட்டணத்து மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தவர்தானே. சிறு தோட்டக்காரர்கள் செட்டியார் கிட்டங்கியில் ஈடு வைத்த நிலங்கள் மீட்க முடியாமல் செட்டியார்களின் கைக்கே போயின. கையில் நிலம் சேர்ந்த அளவுக்கு ரொக்கம் சேராமல் அவர்களும் திண்டாடினார்கள்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து நிலைமையைப் பார்த்தார். பழைய 50 காசு, 40 காசுக் கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய அறிக்கை கூறியது. அறிக்கை போதாது, துரைமாருக்குச் சாதகமாக எழுதிவிட்டார் என்று இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் குறைப்பட்டார்கள். 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்பட்டபோது இந்திய அரசு பொறுமை இழந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், நிதி உதவியோடு மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை நிறுத்திவிட்டது. கங்காணி முறை அத்தோடு முடிந்தது.

கள்ளுக்கடையை மூடச் சொன்னது யார்?

இப்போது கள்ளுக்கு வருவோம். தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைக்க அனுமதி கொடுத்தது அரசாங்கம். வைத்தது தோட்ட நிர்வாகம். வெளியே போய்க் கண்ட சாராயத்தைக் குடிப்பதைவிட இது மேல் என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். காலையில் கொடுத்த கூலி மாலையில் அதே தோட்டத்துக் கல்லாவுக்குத் திரும்பியதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் தலைமையில் இயங்கிய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதை வழிநடத்தியது. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை ஒழிப்பதும் இருந்தது. அந்தப் பட்டியலிலேயே கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் மாண்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். கள்ளுக்கடை மூடப்படவில்லை.

போருக்குப் பிறகு கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். 1947இன் தொடக்கத்தில் அந்தப் படையினர் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். போலீசோடு மோதல் ஏற்பட்டது. பெண்கள் இந்த இயக்கத்துக்கு ஆதரவாக நின்றதில் வியப்பில்லை. வாரக் கணக்கில் எங்கே ஓட்டை விழுகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

குடித்துக் கெட்டான் என்று யாரைச் சொன்னார்களோ அவனே கடையை மூடச் சொல்லித் தெருவில் நின்றான். மூடாமல் காவல் காத்தது யார் என்பதும் பதிவாகி இருக்கிறது.

கணக்குப் புத்தகம் கை மாறியது

கடன் தோட்டத்தானுக்கு மட்டும் உரியது அல்ல என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதை நடத்த ஏ. கேவண்டிஷ் என்ற அதிகாரி பொறுப்பேற்றார். அந்தச் சட்டத்தின் கீழ் முதலாவதாகப் பதிவான சங்கம் எது தெரியுமா? அதே ஆண்டு ஜூலையில் தபால் தந்தி இலாகா ஊழியர்கள் அமைத்த சிக்கனக் கடன் சங்கம். சிங்கப்பூரிலும் 1925இல் முதலில் பதிவானது அரசாங்க ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கமே. படித்தவர்கள், மாதம் தவறாமல் சம்பளம் வாங்கியவர்கள், தோட்டத்தானுக்குச் சிக்கனம் போதித்தவர்கள், அவர்களே வட்டிக் கடைக்காரரிடம் அவ்வளவு ஆழமாக மூழ்கிக் கிடந்தார்கள். ஆனால் அவர்களைப் பார்த்து யாரும் "குடித்துக் கெட்டான்" என்று சொல்லவில்லை.

சங்கத்தின் வேலை முறை எளிமையானது. சம்பளம் கொடுக்கும்போதே உறுப்பினரின் சம்மதத்தோடு ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். அது அவர் பெயரில் வரவாக எழுதப்படும். அவசரம் வந்தால் அந்தப் பொதுப் பணத்திலிருந்து குறைந்த வட்டிக்குக் கடன். பிறகு தோட்டத் தொழிலாளர்கள் மத்தியிலும் இத்தகைய சங்கங்கள் பரவின. அதே சம்பள மேசை, அதே பிடித்தம். ஆனால் இந்தத் தடவை பிடித்த காசு தொழிலாளியின் பெயரிலேயே வரவாக நின்றது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இருந்தார். ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

போர் வந்து இதில் மண்ணைப் போட்டது. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு 1945இல் செல்லாக்காசானது. அந்த நோட்டில் சேர்த்து வைத்தவர்கள் சேர்த்ததை எல்லாம் இழந்தார்கள். அந்த நோட்டைக் கொடுத்துப் பழைய கடனை அடைத்தவர்களும் உண்டு. கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன்களையும் வசூலையும் எப்படிக் கணக்கிடுவது என்று மலாயாவில் 1948இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது.

பிறகு நடந்தவை இன்றுள்ள மூத்தவர்களுக்குத் தெரிந்தவையே. மலாயாவில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதி வந்தது. சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதி வந்தது. இரண்டிலும் தொடக்கத்தில் தொழிலாளியிடம் நூற்றுக்கு ஐந்து, முதலாளியிடம் நூற்றுக்கு ஐந்து. வயதான காலத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி தன் பெயரில் மொத்தமாகக் காசு பார்த்தது பல குடும்பங்களில் அதுவே முதல் தடவை.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போகும் ஆபத்து வந்தது. அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைப் பங்கு வாங்கச் சொன்னார். 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் உருவானது. பங்கின் விலை 100 வெள்ளி. மொத்தமாகக் கொடுக்க யாரால் முடியும்? ரோச்டேல் நெசவாளர்களைப் போலவே தவணையில் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. கப்பல் கடனோடு வந்தவர்களின் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிய தோட்டம் அது.

இவ்வளவு சங்கங்களும் சட்டங்களும் வருவதற்கு முன்பும் பின்பும், லயத்துப் பெண்கள் தங்களுக்குள் நடத்திக் கொண்ட ஒன்று உண்டு. பத்துப் பேர் சேர்வார்கள். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. இந்த மாதம் ஒருத்திக்கு நூறு வெள்ளி, அடுத்த மாதம் இன்னொருத்திக்கு. முதலில் எடுத்தவளுக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுத்தவளுக்கு அது சேமிப்பு. கடைப் பாக்கியை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து ரொக்கத்துக்கு வாங்க இந்தப் பணம் ஒரு வழி காட்டியது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அடுத்த வீட்டுக்காரியின் முகம்தான் ஜாமீன். ஏமாற்றிவிட்டு ஓடியவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பட்டணங்களில் இது பெரிய வியாபாரமாக வளர்ந்தபோது ஏமாந்தவர்களின் எண்ணிக்கையும் வளர்ந்தது.

1971ஆம் ஆண்டில் மலேசிய நாடாளுமன்றம் இதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சிங்கப்பூரும் அதே ஆண்டில் சீட்டு நிதிகளுக்குச் சட்டம் கொண்டு வந்தது. மலேசியச் சட்டத்தை எழுதியவர்களுக்கு அந்த ஏற்பாட்டைக் குறிக்க ஆங்கிலத்திலோ மலாயிலோ வேறு நல்ல சொல் அகப்படவில்லை போலும். சட்டத்தின் தலைப்பிலேயே 'கூட்டு' என்ற சொல்லைப் போட்டார்கள். உள்ளே விளக்கத்தில் 'சீட்டு' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். லயத்துத் திண்ணையில் பிறந்த அந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் இன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன.